கன்னி மூலைப் பீரோ

மாப்பிள்ளைக்கு எதிரே நின்று பேசிப் பழக்கமில்லாதவள் நான். மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து, தட்டில் சோற்றைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவதுதான் என் வழக்கம். குழம்பு வேண்டுமா என்பதைக்கூட மகள் மூலமாகத்தான் கேட்பேன். அவரும் பதிலை அவளிடம்தான் சொல்வார். மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும்போதும் அப்படித்தான். மகள் சலித்துப்போய், "நான் என்ன நடுவுல டெலிபோனா?" என்பாள். அப்படிப்பட்ட நான் டெல்லியில் மாப்பிள்ளையின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போனேன் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

மகள் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோல் மார்க்கெட் பக்கத்தில் குவார்ட்டர்ஸ். என் வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்த பிறகு நானும் அவளோடு வந்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு வீடுகளில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுகிற வேலை. இப்படி ஒரு வேலை உண்டென்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரியும். ஊறுகாயில் பூசணம் பூத்தால் வழித்து எறிவோம். சுவரில் ஓதம் ஏறினால் சுண்ணாம்பு அடிப்போம். அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். டெல்லிக்காரர்கள் அந்த ஓதத்தைச் சீலன் என்கிறார்கள். இந்த ஊர் மழை இரண்டு மாதம்தான், ஆனால் அந்த இரண்டு மாதத்தில் மூடிக்கிடக்கிற வீட்டுக்குள் சீலன் எங்கே வேண்டுமானாலும் ஏறிவிடும். பெயின்ட் உப்பும், பொரிந்து விழும், கறுப்புப் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளி ஒரு தூளைக் காற்றில் விடுமாம். சிலருக்கு அது மூச்சில் ஏறி இளைப்பாகிவிடுமாம்.

மாப்பிள்ளையின் பையில் மூன்று சாமான்கள் உண்டு. முதலாவது, இரண்டு ஊசி முனை வைத்த சின்னக் கருவி. சுவரில் வைத்தால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று எண் காட்டும். ஈரம் மிஞ்சினால் எலிக்குஞ்சு மாதிரி கீச்சென்று கத்தும். இரண்டாவது, ஒட்டுகிற டேப்பு. கறை மேல் ஒட்டி எடுத்து, கண்ணாடிச் சில்லில் பதித்து லேபுக்கு அனுப்புவார். மூன்றாவது ஒரு பெட்டி. அது கொஞ்ச நேரம் காற்றை உறிஞ்சிக்கொண்டு நிற்கும். வீட்டுக்குள் ஒரு தடவை, வெளியே ஒரு தடவை உறிஞ்சவைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெளிக்காற்றில் இருப்பதைவிட உள்காற்றில் தூள் அதிகமென்றால் வீட்டில் எங்கோ பூஞ்சை இருக்கிறது என்று பொருள்.

நான் இதில் எப்படி நுழைந்தேன் என்றால், பகல் நேரத்தில் வீடுகளில் பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள். முன் பின் தெரியாத ஆம்பிளை ஒருவர் வந்து படுக்கையறைச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிக்க வேண்டும், குளிக்கிற அறைக்குள் போக வேண்டும் என்றால் யார்தான் கதவைத் திறப்பார்கள்? சங்கிலியைப் போட்டுக்கொண்டே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் அப்படித் திரும்பி வந்து மாப்பிள்ளை முகம் வாடி உட்கார்ந்திருந்தபோது மகள் சொன்னாள்.

"எங்க அம்மயக் கூட்டிட்டுப் போங்க. வயசானவள ஒருத்தியக் கண்டா யாரும் கதவ அடைக்கமாட்டா."

"அத்தை வருவாங்களா?" என்று மாப்பிள்ளை அவளைக் கேட்டார்.

"அம்மா, போவியா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். அதுதான் என் உத்தியோக உத்தரவு.

முதல் தடவை ஸ்கூட்டரில் எங்கே பிடித்துக்கொள்வதென்று தெரியவில்லை. மாப்பிள்ளை தோளைத் தொடுவதா? பையை நடுவில் வைத்து அதன் வாரைப் பிடித்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான். ஒரு வீட்டில் என் வேலை இவ்வளவுதான்: கதவு திறந்ததும் முன்னால் நிற்பது, சிரிப்பது, உள்ளே போய் உட்காருவது, டார்ச் பிடிக்கச் சொன்னால் பிடிப்பது. இந்தி எனக்கு அச்சா, பானி, போதும் என்பதற்கு பஸ் என்கிற அளவுக்குத்தான் வரும். அதனால் வடக்கத்தி வீடுகளில் பேச வேண்டிய தொல்லை இல்லை. டீ கொடுப்பார்கள், குடிப்பேன், நிம்மதி. தமிழ் வீடு என்றால்தான் சங்கடம். என்ன பேசுவது?

நம் ஆட்கள் வீட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. பரிசோதிக்க ஒருவர் வருகிறார் என்றால் விருந்தாளி வருவதாக நினைத்து வீட்டைக் கழுவித் துடைத்து வைத்துவிடுவார்கள். ஜன்னலை முந்தின நாளிலிருந்து சாத்தி வையுங்கள், ஊதுவத்தி ஏற்றாதீர்கள், எதையும் துடைக்காதீர்கள் என்று மாப்பிள்ளை போனில் படித்துப் படித்துச் சொல்வார். போய்ப் பார்த்தால் பினாயில் வாடை ஆளைத் தூக்கும்.

போன வருஷம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கரோல் பாகில் ஒரு வீட்டுக்குப் போனோம். கடைத்தெருவுக்குப் பின்னால், ஒன்றோடொன்று தோள் இடித்து நிற்கிற பழைய வீடுகள். இரண்டாவது மாடி. படிக்கட்டுக்குக் கீழே ஒரு இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியில் ஊதிக்கொண்டிருந்தார். படி ஏறும்போதே சாம்பிராணி மணந்தது. மாப்பிள்ளை நின்று, "போச்சு அத்தை, காத்துப் பெட்டிக்கு இன்னைக்கி வேலை இல்ல" என்றார். சாம்பிராணிப் புகை கலந்தால் அந்தப் பெட்டி சொல்கிற கணக்கு பிசகிவிடும்.

கதவைத் திறந்தது அந்த வீட்டு அம்மாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். கும்பகோணத்துப் பக்கம். டெல்லிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது என்று உட்காருவதற்குள் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் இப்போது உயிரோடு இல்லை. ஒரே மகன், பாங்கில் வேலை, ஆபீஸ் போயிருந்தான். தை மாதம் அவனுக்குக் கல்யாணமாகியிருந்தது. மருமகள் சமையலறை வாசலில் நின்றாள். சின்னப் பெண், ஒல்லி. "வாங்க" என்று சொல்ல வாயெடுத்தவள் இருமத் தொடங்கினாள். இருமல் நின்றதும் மூச்சு உள்ளே போகும்போது சீட்டி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை. "பாத்தீங்கள்ல. இதுதான் ரெண்டு மாசமா. டாக்டர் என்னடான்னா வீட்டப் பாருங்கறாரு. பொண்ணப் பாருய்யான்னா வீட்டப் பாருங்கறாரு. பையன் அதக் கேட்டுட்டு உங்களுக்குப் போன் போட்டுட்டான். இந்த வீட்டுல நான் நாப்பது வருஷமா இருக்கேன், எனக்கு ஒரு தும்மல் கெடையாது. வரும்போதே சீக்கோட வந்திருக்கு. மறைச்சுக் கட்டிட்டாங்க."

மாப்பிள்ளை கருவியைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவுகூடக் கிடையாது.

"ஞாயித்துக்கிழமை அவங்கப்பா வராரு. ரெண்டு டிக்கெட் போட்டுட்டுத்தான் வராரு, திரும்பிப் போக. கூட்டிட்டுப் போயி நல்லா உடம்பத் தேத்தி அனுப்புங்கன்னு சொல்லிட்டேன். நான் ஒண்ணும் கொடுமைக்காரி இல்ல."

உடம்பைத் தேற்றி அனுப்புங்கள் என்று அனுப்பப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஒரு மாதம் ஆறு மாதமாகும். ஆறு மாதம் ஆனபிறகு யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

மாப்பிள்ளை வேலையைத் தொடங்கினார். நான் டார்ச்சோடு பின்னால் போனேன். சமையலறை சுத்தம். தொட்டிக்குக் கீழே கொஞ்சம் கறை, அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். குளிக்கிற அறையும் பாதகமில்லை. அந்த அம்மாள் படுக்கிற முன்னறை மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. வெயில் விழுகிற அறை. அவர் தும்மாததில் ஆச்சரியமில்லை. கடைசியாக மகனும் மருமகளும் இருக்கிற பின்னறைக்கு வந்தோம். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. கட்டில், அதன் தலைமாட்டில் மூலையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய இரும்பு பீரோ. குங்குமப்பொட்டு வைத்து, கைப்பிடியில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. பெண் வீட்டார் சீராகக் கொடுத்தது.

கதவுப் பக்கத்துச் சுவரில் கருவி பேசவில்லை. கட்டில் பக்கம் வந்தபோது எண் ஏறியது. பீரோவை ஒட்டி, விரல் நுழைகிற இடுக்கில் முனையை வைத்தார். கீச்சென்று கத்தியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி கத்தியது.

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டு பாத்ரூம்."

"பீரோவக் கொஞ்சம் நகத்தணும். பின்னாடி பாக்கணும்."

அந்த அம்மாள் அறைக்குள் வந்து பீரோவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நின்றுகொண்டார். "என்ன தம்பி சொல்றீங்க. அது கன்னி மூலை. நாள் பாத்து, வெளக்கேத்தி வச்சது. வெள்ளிக்கிழமையும் அதுவுமா பீரோவ அசைக்கிறதா? வீட்டு லட்சுமி கெளம்பிப் போகவா?"

கன்னி மூலை என்பது வீட்டின் தென்மேற்கு. பணம், நகை, பட்டு வைக்கிற பீரோ அங்கேதான் இருக்க வேண்டும், வடக்குப் பார்த்துத் திறக்க வேண்டும் என்பது நம்மில் பெரும்பாலோருக்கு எழுதாத சட்டம். ஊரில் தனி வீட்டில் தென்மேற்கு மூலைக்கு வெளியே வெயிலடிக்கும். இங்கே அந்த மூலைக்குப் பின்னால் அடுத்த வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருக்கிறார். சாஸ்திரம் எழுதினவர் கரோல் பாகைப் பார்த்திருக்கமாட்டார்.

மாப்பிள்ளை மெதுவாக எடுத்துச் சொன்னார். ஒரு முழம் நகர்த்தினால் போதும் என்றார். நாளைக்கு வரட்டுமா என்றார்.

"சனிக்கிழமை மட்டும் நகத்தலாமா? அடுத்த வாரம் அமாவாசை. நீங்க பாத்த வரைக்கும் எழுதிக் குடுங்க தம்பி, போதும்."

அவர் பிறகு வற்புறுத்தவில்லை. அடுத்தவர் வீட்டில் அவர்கள் அனுமதிக்காததைத் தொடக்கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம். என் பக்கம் திரும்பி, "நான் மேல மாடிக்குப் போயி அந்த பாத்ரூம் குழாய் எப்படி எறங்குதுன்னு பாத்துட்டு வாரேன் அத்தை. அப்புறம் கெளம்பிருவோம்" என்றார். அவர் முகத்தில் சந்தோஷமில்லை. பாதி பார்த்துவிட்டுப் பாதி எழுதிக் கொடுத்தால், வீட்டில் குற்றமில்லை என்றுதான் அதைப் படிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் ரயில் ஏறிவிடுவாள்.

அவர் மேலே போனதும் நானும் அந்த அம்மாளும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். மருமகள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசற்படியோடு நின்றாள். காபி தீர்ந்துவிட்டது. தீர்ந்த டம்ளரையே கொஞ்ச நேரம் குடித்துக்கொண்டிருந்தேன். ஏதாவது பேசித்தான் ஆக வேண்டும் என்று ஆனபோது, புதிதாகக் கல்யாணமான பெண் இருக்கிற வீட்டில் நான் வழக்கமாகக் கேட்கிற ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"முகூர்த்தப் பட்டு என்ன கலரு தாயி?"

வேண்டுமென்றேதான் கேட்டேன் என்று மாப்பிள்ளை பிறகு எல்லோரிடமும் சொன்னார். அது உண்மையில்லை. எனக்கு வேறு பேச்சு தெரியாது.

அந்தப் பெண் முகம் மலர்ந்தது. "ஆச்சிக்கு எந்த ஊரு? திருநெல்வேலிப் பக்கமா? பேச்சக் கேட்டதுமே நெனச்சேன். எனக்குத் தென்காசி. அரக்குக் கலரு ஆச்சி. எங்க அத்தை எடுத்தாங்க."

அந்த அம்மாளுக்கும் அது பிடித்தது. "நானே நேர்ல போயி எடுத்தேங்க. கும்பகோணத்துல ஏறாத கடை இல்ல. கடைக்காரன் இந்தக் கரைய எடுத்துப் போட்டானோ இல்லையோ, இதுதான்னுட்டேன். காட்டு, காட்டு. வெள்ளிக்கெழமை பட்ட எடுத்துக் காட்டறது நல்லதுதான்."

அவள் பீரோவைத் திறந்தாள். கதவு திறந்த மாத்திரத்தில் ஒரு வாடை வந்தது. பாச்சை உருண்டையின் நெடிக்கு அடியில், மழையில் நனைந்து காயாமல் சுருட்டி வைத்த சாக்கு வாடை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கையை விட்டுப் பின்பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைத் துணி மூட்டையை எடுத்தாள். எடுக்கும்போதே இருமல் வந்துவிட்டது. மூட்டையைக் கட்டிலில் போட்டுவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருமினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். உள்ளங்கையில் அந்தச் சீட்டி தெரிந்தது.

அந்த அம்மாள் மூட்டையை அவிழ்த்தார். வெள்ளைத் துணியின் ஒரு பக்கம் தவிட்டு நிறத்தில் கறை. உள்ளே அரக்குப் பட்டு. நல்ல சேலை, பொய் சொல்லக் கூடாது. அடக்கமான கரை, கண்ணை உறுத்தாத சரிகை. ஆனால் மடிப்பு மடிப்பாகத் திருநீறு தூவின மாதிரி வெள்ளைப் பூசணம் பூத்திருந்தது. முந்தானைச் சரிகை கறுத்துப் போயிருந்தது. விரலால் தேய்த்தார். தேய்த்த இடத்தில் சாயம் மங்கித் திட்டாகத் தெரிந்தது. எழுந்துபோய் பீரோவுக்குள் கையை விட்டுப் பின் தகட்டைத் தடவினார். கை துருவோடும் ஈரத்தோடும் வந்தது.

மருமகள் தண்ணீர் குடித்து, மூச்சைச் சமன் செய்துகொண்டு சேலையைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அத்தை, இந்தப் பட்டும் வரும்போதே சீக்கோடதான் வந்துச்சோ?"

அடுத்தவர் வீட்டு மாமியார் மருமகள் நடுவில் மாட்டிக்கொண்டோமே என்று டார்ச்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வாய்க்கு மட்டும் ஒரு எளைப்பும் இல்ல" என்றார்.

பிறகு பால்கனிக்குப் போய்க் கீழே குனிந்து, "பையா, ஜல்தி ஊப்பர் ஆவோ" என்று இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டார்.

மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வந்தபோது பின்னறையில் விளக்கு ஏற்றியிருந்தது. பீரோவிலிருந்த துணிகளும் நகைப்பெட்டியும் கட்டில்மேல் ஏறியிருந்தன. அந்த அம்மாள் பீரோவின் முன்னால் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார். "அம்மா தாயே, வெளிய எங்கயும் போயிடாத. இங்கேருந்து ஹாலுக்குத்தான். நாலு எட்டு. அங்க ஃபேன் காத்து நல்லா வரும்." சொல்லிவிட்டு ஒதுங்கி நின்று, "ம், தள்ளுங்க" என்றார்.

இஸ்திரிக்காரரும் மாப்பிள்ளையும் தள்ளினார்கள். முதலில் அசையவில்லை. கால்கள் துருப்பிடித்துத் தரையோடு ஒட்டியிருந்தன. பிறகு கிறீச்சென்று கிளம்பியது. இஸ்திரிக்காரர் பின்னால் எட்டிப் பார்த்து, "அரே பாப் ரே" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பீரோவின் அளவுக்கு, பீரோவின் உருவத்திலேயே சுவர் கறுத்திருந்தது. ஆட்டுத்தோலைக் காயப்போட்ட மாதிரி. ஓரத்தில் பச்சை, நடுவில் கறுப்பு, அங்கங்கே பஞ்சு போல வெள்ளை. தரையோரம் பொரிந்து மண்ணாக உதிர்ந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கட்டிலின் தலைமாடு. அந்தப் பெண்ணின் தலையணை.

மாப்பிள்ளை முகக்கவசம் போட்டுக்கொண்டு, மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். டேப்பு ஒட்டி எடுத்தார். எதையும் துடைக்க வேண்டாம், தொட வேண்டாம், அறையைச் சாத்திவிடுங்கள் என்றார். பக்கத்து வீட்டு பாத்ரூமிலிருந்து வருகிற குழாய் சுவருக்குள் எங்கோ விரிசல் விட்டு ஒழுகுகிறது, மழைக்கு மாடித் தண்ணீரும் அதிலேயே சேருகிறது என்று விளக்கினார். லேபிலிருந்து முடிவு வர வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த அம்மாள் கேட்டார்: "இதனாலதான் இந்தப் பொண்ணுக்கு எளைக்குதுன்னு எழுதித் தருவீங்களா?"

"அது டாக்டர்தாம்மா சொல்லணும். நான் சுவத்தப் பத்தி மட்டும்தான் சொல்லலாம். ஆனா இன்னைக்கி ராத்திரி அவங்கள இந்த ரூம்ல படுக்கவைக்காதீய."

"எங்கூட படுத்துக்கட்டும்" என்றார் அவர். சொல்லிவிட்டு மருமகளைப் பார்க்காமலே, "நான் கொறட்டை விடுவேன். அதையும் எழுதிக் குடுத்துடுங்க தம்பி" என்றார்.

நாங்கள் கிளம்புவதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். சம்பந்தியிடம்தான். எங்களை உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, எங்கள் முன்னாலேயே பேசினார். நாங்கள் சாட்சிக்கு இருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. "சம்பந்தி, ஞாயித்துக்கெழமைதான வறீங்க. வாங்க, வாங்க. இருந்து நாலு நாளு சாப்ட்டுட்டுப் போங்க. இல்ல, இல்ல, அந்த இன்னொரு டிக்கெட்ட வாபஸ் பண்ணிடுங்க... உடம்புக்கு ஒண்ணுமில்ல, செவுத்துக்குத்தான் உடம்பு சரியில்ல... இருங்க, அவகிட்டயே தரேன்." மருமகள் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். "அப்பா" என்றாள். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் படியிறங்கிவிட்டோம்.

திரும்பி வரும்போது ஒரு சிக்னலில் வண்டி நின்றது. மாப்பிள்ளை தலையைத் திருப்பாமல், "அத்தை, நீங்க பெரிய ஆளுதான்" என்றார். மகள் நடுவில் இல்லாமல் அவர் என்னிடம் சொன்ன, வேலைக்குச் சம்பந்தமில்லாத முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். நான், "பச்சை விழுந்துட்டு" என்றேன். அன்று நம் ஊர்ச் சாமான் கிடைக்கிற ஐ.என்.ஏ. மார்க்கெட் வரைக்கும் போய், நான் கேட்காமலே எனக்குச் சின்ன வெங்காயமும் நல்ல கருப்பட்டியும் வாங்கிக் கொடுத்தார். மகள், "ரெண்டு பேரும் சேந்து ஊர் சுத்திட்டு வாரியளா?" என்று கேலி செய்தாள். அன்று இரவு குழம்பு வேண்டுமா என்று அவரிடம் நானே கேட்டேன். அவருக்குப் புரையேறிவிட்டது.

சுவரைச் சரிசெய்த பிறகு மறுபடி ஒரு தடவை போய்ச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். ஐப்பசியில் போனோம். குழாயை மாற்றி, காரையைக் கொத்தி எடுத்து, காயவிட்டுப் புதிதாகப் பூசியிருந்தார்கள். பின்னறை ஜன்னல் திறந்து கிடந்தது. மாப்பிள்ளை மூலையில் கருவியை வைத்தார். அது வாய் திறக்கவில்லை. இந்தத் தடவை சாம்பிராணியும் இல்லை, காற்றுப் பெட்டியும் தன் வேலையைப் பார்த்தது.

பீரோ இன்னும் கூடத்தில்தான் நின்றது, டிவிக்கு எதிரே. கன்னி மூலையில் வெறும் நாற்காலி ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். "எடம் மாத்தலாம்னு நாள் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார் அந்த அம்மாள். "ஒரு நாளும் அமையல. இருக்கட்டும். லட்சுமி கொஞ்சம் சீரியல் பாக்கட்டும்."

நானும் அவரும் பேசிக்கொண்டிருந்தோம். நான் அவ்வளவு பேசினேன் என்பதே எனக்கு ஆச்சரியம். வந்த சம்பந்தி நான்கு நாள் இருந்து, தனியாகத் திரும்பிப் போனதைச் சொன்னார். டாக்டர் மருந்தைக் குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை. பட்டுச் சேலையைத் துவைத்து வாங்கியதில் பூசணம் போய்விட்டது, சரிகை மட்டும் தேறவில்லை. அதை ரவிக்கையாக வெட்டிவிடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். வேண்டாம், அப்படியே வைத்துக்கொள்ளட்டும், கட்டிக்கொள்ளவும் செய்யட்டும் என்றேன்.

அப்போது தெருவில் காய்கறி வண்டி வந்தது. மருமகள் பால்கனியிலிருந்து கயிறு கட்டின கூடையை இறக்கிக்கொண்டே பேரத்தைத் தொடங்கினாள். பாதி இந்தி, பாதி தென்காசி. வெண்டைக்காய் முற்றல் என்றாள், தக்காளி நசுங்கல் என்றாள், நேற்று வேறு விலை சொன்னீரே என்றாள், வண்டிக்காரர் ஏதோ பதில் சொல்வதற்குள் அவர் தராசையும் குறை சொன்னாள். மூச்சு விடுகிற இடமே தெரியவில்லை. தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"கேட்டீங்களா" என்றார் என்னிடம். "இந்தத் தொண்டையத் தெறக்கத்தான் நான் செவுத்த ஒடச்சேன்."

சொல்லிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய், மருமகளுக்குப் பக்கத்தில் நின்று, கொத்தமல்லி கொசுறு கேட்கச் சொல்லிக் கொடுத்தார்.